பாதி, கால்வாசி, கால்வாசி

எலோய் பராஸாவின் மூன்றாவது விரல் உடைந்தபோது காலை மணி ஒன்பது ஐம்பது.

லாலோவுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. கேட்காமல் எப்படி? இரண்டடி தள்ளித் தரையில் அவனே கிடந்தான், வாய் நிறைய மணலும் ரத்தமுமாக. அவன் விலாவின்மேல் ஒரு பூட்ஸ் கால். அந்தக் காலுக்கு மேலே நூற்றிருபது கிலோ எடையில் ட்வைன் டாக்கெட், கையில் கைத்துப்பாக்கியோடு. 'நீங்க வண்டியிலேயே இருங்க பாஸ், நான் போய் நயமாப் பேசிப் பார்க்கிறேன்' என்று வீரம் பேசிவிட்டு இந்தப் பாழடைந்த பம்ப் கொட்டகைக்குள் நுழைந்தவன் லாலோ. பேச வாயைத் திறந்தான். அந்த வாயிலேயே வாங்கிக்கொண்டான்.

"இன்னும் ஏழு விரல் இருக்கு," என்றான் கோய் டாக்கெட். ட்வைனுக்கு அண்ணன். கையில் குழாய் முறுக்கும் ரெஞ்ச். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எங்க தம்பியை எதுக்குடா அடிச்சுக் கொன்ன?"

நாற்காலியோடு கட்டப்பட்டிருந்த எலோய் தலையை நிமிர்த்தினான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "சத்தியமா நான் இல்ல, கோய். வெஸ் என் சிநேகிதன்டா..."

ரெஞ்ச் நான்காவது விரலைத் தேடிப் போனது.

"அதை அப்படியே வை."

வாசலில் லாலோவின் பாஸ் ஓபல் ஷ்ராம் நின்றிருந்தாள். ஐம்பத்தாறு வயது, ஒட்ட வெட்டிய நரை முடி, காய்ந்த மிளகாய் போல ஒடிசலான உடம்பு, தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. தனியார் துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இருபது வருஷம் இதே மேற்கு டெக்சாஸ் எரிவாயு ஸ்டேஷன்களில் அளவை மெஷின்களோடு மாரடித்தவள். அளவை ஸ்டேஷனில் வேலை பார்க்கும் எலோயின் மனைவி நோயமி நேற்று, புருஷனைக் காணவில்லை என்று வந்து அழுதபோது கூலி கூடப் பேசாமல் கிளம்பிவிட்டாள்.

"சுட்டீங்கன்னா உங்க ஆள் தலை சிதறும்," என்றான் ட்வைன், லாலோவின் பிடரியில் துப்பாக்கியை வைத்து.

"அவன் தலையில சிதறுறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல," என்றாள் ஓபல். "கோய், உனக்கு வெஸ்ஸைக் கொன்னவன் வேணுமா, இல்ல கையில கிடைச்சவன் போதுமா?"

கோய் மூச்சு வாங்கினான். குடிக்கவில்லை. அழுதழுது சிவந்த கண்கள். செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவர்கள் தம்பி வெஸ், பதினான்காம் நம்பர் அளவை ஸ்டேஷனில், மண்டை பிளந்து கிடந்தான். குழாய்க் கம்பெனியில் எரிவாயுக் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை அவனுக்கு. இன்று வெள்ளி. நேற்றுதான் புதைத்தார்கள்.

கோய் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து வீசினான். "வெஸ் வண்டியில இருந்துச்சு. காஸ் சாம்பிளைச் சோதிக்கிற வோய்ட் லேப் பேர்ல அடிச்ச ரிப்போர்ட். கடைசி மூணு நம்பரைச் சிவப்புல சுழிச்சு வெச்சிருக்கான். ஹார்லன் வோய்ட் கிட்டயே கொண்டு போய்க் காட்டினேன். 'இது என் லேப்ல அடிச்சதில்ல. எலோய் சாம்பிளே எடுக்காம, ஸ்டேஷன் மெஷின் நம்பரை வெச்சு என் பேர்ல போலியா அடிச்சிருக்கான். வெஸ் கண்டுபிடிச்சுட்டான், அதான் கொன்னுட்டான்'னு சொன்னார்."

ஓபல் குனிந்து காகிதத்தை எடுத்தாள். மூலையில் ரத்தம் காய்ந்திருந்தது. சுழித்த இடத்தைப் பார்த்தாள். ஒருமுறைதான் பார்த்தாள்.

"எலோய், கனமான மூட்டையை எப்படிப் பிரிப்ப?"

"ஆறு... மூணு... ஒண்ணு," என்றான் எலோய், யோசிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கோய், வண்டியை எடு. வோய்ட்டைப் பார்க்கப் போறோம்."

"எதுக்கு?"

"இது எலோய் அடிச்ச காகிதம் இல்ல. யார் அடிச்சதுன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

கோய் ட்வைனைப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தை. "மத்தியானம் பன்னண்டு மணி வரைக்கும் டைம். உங்க துப்பாக்கி இங்கயே இருக்கட்டும். ட்வைன், உன் ரேடியோவைப் பக்கத்துல வெச்சுக்கோ. பன்னண்டுக்குள்ள அதுல என் குரல் வரலன்னா, எலோய் தலையில ஒண்ணு போட்டுடு."

"உன் குரல்தான் வரணும்," என்றான் ட்வைன். "வேற எவன் பேசினாலும் போட்டுடுவேன்."

எலோய் ஓபலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் லாலோதான் முதலில் வெளியே போனான்.

*

ஐம்பது கிலோமீட்டர் புழுதி. இரண்டு பக்கமும் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருந்தன. கோய் ஓட்டினான், இடுப்பில் துப்பாக்கி. நடுவில் ஓபல். ஓரத்தில் லாலோ, ஆடுகிற பல்லை நாக்கால் நெருடிக்கொண்டு. காளை மேல் ஏறி விழுந்து சம்பாதித்த காலத்தில் கூட ஒரே நாளில் இவ்வளவு அடி பட்டதில்லை அவனுக்கு.

"மூட்டை, ஆறு, மூணுன்னு என்னமோ பேசினீங்களே பாஸ். மனுஷன் பாஷையில சொல்லுங்க."

"காஸை மெஷினுக்குள்ள விட்டா லேசானது முதல்ல வெளிய வரும். மீத்தேன், ஈத்தேன், அப்புறம் ஒவ்வொண்ணா. கனமான சரக்கு கடைசியில நொண்டி நொண்டி வரும். அது வர்ற வரைக்கும் காத்திருக்க ஸ்டேஷன் மெஷினுக்குப் பொறுமை கிடையாது. ஹெக்ஸேன், ஹெப்டேன், அப்புறம் ஆக்டேனும் அதுக்கு மேல இருக்கிறதும்னு மூணு ரகத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி அளந்துடும்."

"மூட்டைக்குள்ள எது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா காகிதத்துல தனித்தனியா எழுதணும். அதனால வழக்கமா ஒரு கணக்கு வெச்சுப் பங்கு போட்டுடுவாங்க. இந்தப் பக்கத்துல எந்த ஸ்டேஷன் மெஷின் கதவைத் திறந்தாலும் உள்பக்கம் டேப் ஒட்டி எழுதியிருக்கும், பத்துப் பங்குல எதுக்கு எவ்வளவுன்னு. ஆறு, மூணு, ஒண்ணு. நானும் இருபது வருஷம் அப்படித்தான் போட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு. பரிட்சையில நான் பதில் எழுதின மாதிரியே இருக்கு."

"அதுக்குத்தான்டா லேப். அங்க பெரிய மெஷின். ஒரு சாம்பிளுக்கு ஒரு மணி நேரம் ஓடும். மூட்டையே கட்டாது, ஒவ்வொண்ணையும் தனியா எண்ணும். அதுல வர்ற நம்பர் கோணல்மாணலாத்தான் இருக்கும். இதைப் பாரு."

லாலோ பார்த்தான். 0.240. 0.120. 0.120.

"அழகாத்தானே இருக்கு?"

"அதுதான் வம்பு. லேப் காகிதத்துல இவ்வளவு அழகா வரவே வராது. இது யாரோ உக்காந்து மூட்டையைப் பிரிச்சு எழுதினது. வெஸ் அதைத்தான் பிடிச்சிருக்கான்."

"வோய்ட்டும் அதைத்தானே சொன்னார்!" என்று உறுமினான் கோய். "எலோய் எழுதினதுன்னு!"

"எலோய் எழுதியிருந்தா ஆறு, மூணு, ஒண்ணுல இருக்கணும். இது பாதி, கால்வாசி, கால்வாசி."

வண்டி ஒரு கணம் தடுமாறியது. "மாட்டிக்கக் கூடாதுன்னு மாத்தி எழுதியிருப்பான்."

"காலையில எந்தக் கால்ல முதல்ல பூட்ஸ் மாட்டினன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? இல்லதானே? மாத்தணும்னே தோணாது கோய். கை பாட்டுக்கு எழுதிடும்."

கோய் காகிதத்தை வாங்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்து இன்னொரு தடவை பார்த்தான்.

"பிப்ரவரி குளிர்ல கம்ப்ரஸர் வெடிச்சு மூணு பேர் கருகிப் போனாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் ஓபல். "கனமான சரக்கு அதிகமா இருந்தா குளிர்ல குழாய்க்குள்ளயே எண்ணெயாச் சொட்டும். லேப் காகிதம் சொட்டாதுன்னு சொல்லிச்சு. அதை நம்பி ஓட்டினாங்க. சொட்டினது மொத்தமாப் போய் மெஷினை அடிச்சது. அன்னிக்கு எலோய் ஷிப்டு. பழியை அவன் தலையில கட்டினாங்க. வெஸ் ஒருத்தன்தான் அதை நம்பாம பழைய காகிதத்தையெல்லாம் தோண்டிக்கிட்டிருந்தான்."

கோய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

*

ஹார்லன் வோய்ட்டின் லேப் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வாசலில் ரோஜாச் செடி. உள்ளே குளுகுளுவென்று ஏசி. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. வோய்ட்டுக்கு அறுபது வயதிருக்கும். சர்ச்சில் உண்டியல் ஏந்துகிற கை, தேன் ஒழுகுகிற குரல். வெஸ்ஸின் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் இவரும் ஒருவர்.

"வா கோய். அம்மா எப்படி இருக்காங்க? ஓபல், நீயா? பார்த்து எத்தனை வருஷமாச்சு! சாப்பிட இனிப்பா பெக்கான் பை இருக்கு, என் வீட்டுக்காரி கையால செஞ்சது. இந்தத் தம்பி வாய்க்கு என்ன ஆச்சு?"

"தடுக்கி விழுந்துட்டேன் சார். நாலு தடவை," என்றான் லாலோ. இனிப்பை விடுவானா? ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அலமாரி அளவு இருந்த பெரிய மெஷினின் மேல் சாய்ந்துகொண்டான். வாய் எரிந்தாலும் தின்றான்.

"ஹார்லன், ஒரு உதவி," என்றாள் ஓபல், மரியாதை சொட்ட. "நீங்க சொன்னது கோய்க்கு முழுசாப் புரியல. எலோய் மாதிரி ஸ்டேஷன் பசங்க உக்காந்த இடத்துலயே எப்படி நம்பர் பண்ணுவாங்கன்னு ஒரு தடவை எழுதிக் காட்டுங்களேன். அப்புறம் அவன் பாடு, எலோய் பாடு."

வோய்ட் வருத்தமாகத் தலையாட்டினார். "பாவம். அவனுக்கும் பொண்டாட்டி இருக்கா. சரி, கேளு கோய்."

"மூட்டை பூஜ்யம் புள்ளி எட்டுன்னு வெச்சுக்கோங்க," என்றாள் ஓபல்.

வோய்ட் பேனாவை எடுத்தார். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் சரசரவென்று எழுதினார். எழுதும்போதே கோயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

0.40. 0.20. 0.20.

"இவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. சாம்பிள் எடுக்கப் போகவே வேண்டாம்."

ஓபல் ரத்தக் கறைக் காகிதத்தைப் பிரித்துப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "கோய், பாதி, கால்வாசி, கால்வாசி. ரெண்டுலயும்."

வோய்ட்டின் கை பேனாவோடு அப்படியே நின்றது.

"எலோய் எழுதியிருந்தா நாற்பத்தெட்டு, இருபத்துநாலு, எட்டுன்னு எழுதியிருப்பான். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இந்த வட்டாரத்துல எவனைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் எழுதுவான். பாதி, கால்வாசிங்கிறது கடல்ல எண்ணெய் எடுக்கிற மேடைக்காரங்க கணக்கு. அதோ போட்டோவுல வளைகுடா மேடை மேல நிக்கிறது நீங்கதானே? பதினஞ்சு வருஷப் பழக்கம் எங்க போகும்?"

"ஒரு பேச்சுக்கு எழுதினேன், ஓபல். இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"பாஸ்," என்றான் லாலோ, வாய் நிறைய இனிப்போடு. "ஒரு மணி நேரம் ஓடுற மெஷின்னா சுடணும் இல்ல? இது என் பழைய மாமியார் என்னைப் பார்க்கிற பார்வை மாதிரி ஜில்லுனு கிடக்கு." விரலால் மூடியைத் தேய்த்துக் காட்டினான். விரல் கறுத்தது. "தூசி வேற அரை இஞ்ச்."

கோய் மெஷினைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, தன் தம்பியின் சவப்பெட்டியைச் சுமந்த மனிதரைப் பார்த்தான்.

அந்தத் தாமதத்தில்தான் எல்லாம் கெட்டது. வோய்ட் மேஜையிலிருந்த சாம்பிள் பாட்டிலை எடுத்து வீசி அடித்தார். பாட்டில் என்றால் கண்ணாடி இல்லை. முழங்கை நீள எஃகு உருளை. கோயின் தாடையில் இறங்கியது. விறகு பிளக்கிற சத்தம். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே சரிந்தது, இடுப்புத் துப்பாக்கி தரையில் சறுக்கிக்கொண்டு ஓடியது.

தேன் குரல் கிழவர் பூனை போலப் பாய்ந்து அதை எடுத்துவிட்டார். முதல் குண்டு லாலோவின் காது மடலைக் கிழித்துக்கொண்டு போய்ப் பலகையைத் துளைத்தது. இரண்டாவது எங்கே போனதென்று லாலோ பார்க்கவில்லை. அதற்குள் வோய்ட்டின் முதுகில் ஏறியிருந்தான். காளையென்றால் எட்டு செகண்ட் தாக்குப் பிடித்தால் போதும். இந்த ஆள் இருபது செகண்ட் குதித்தார். லாலோவைச் சுவரில் மோதினார், மெஷினில் மோதினார், நொந்த விலாவைப் பார்த்து முழங்கையால் குத்தினார். லாலோ கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் தனக்குத் தெரிந்த இரண்டு பாஷையிலும் சொல்லி முடித்துவிட்டான். பிடியை மட்டும் விடவில்லை.

ஓபல் அதே எஃகு பாட்டிலை எடுத்து வந்து, நிதானமாக, வோய்ட்டின் மணிக்கட்டில் அடித்தாள். இரண்டு தடவை. துப்பாக்கி விழுந்தது. வோய்ட் அலறிக்கொண்டு மண்டியிட்டார்.

"வெஸ்ஸையும் இப்படித்தானே அடிச்ச?" மரியாதை போய்விட்டது அவள் குரலில்.

"மெஷின் கெட்டு ஒன்றரை வருஷமாச்சு," என்று முனகினான் வோய்ட். "சரி பண்ணலாம், சரி பண்ணலாம்னு தள்ளிப் போட்டேன். காகிதம் போச்சு, யாரும் ஒண்ணும் கேக்கல. ஒன்றரை வருஷமா ஒருத்தன் கூடக் கேக்கல! அவன் ஒருத்தன் மட்டும் வந்து கேட்டான்."

"மூணு பேர் செத்ததுக்கு அப்புறமுமா அதையே எழுதின?"

வோய்ட் உடைந்த மணிக்கட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"பாஸ்! மணி!" என்று கத்தினான் லாலோ.

பதினொன்று ஐம்பது.

*

கோயை இரண்டு பேருமாக இழுத்து வந்து வண்டியில் சாய்த்தார்கள். நினைவு இருந்தது. தாடைதான் இல்லை, ஒரு பக்கமாகத் தொங்கியது. லாலோ வண்டி ரேடியோவின் மைக்கை அவன் வாய்க்கருகே பிடித்தான். கோய் உயிரைக் கொடுத்துக் கத்தினான். கொழகொழவென்று ரத்தம்தான் வந்தது.

"யாருடா அது?" ட்வைனின் குரல் கரகரத்தது. "கோய் எங்க?"

"ட்வைன், நான் லாலோ! உன் அண்ணனுக்குத் தாடை உடைஞ்சு போச்சு! கொன்னது வோய்ட்! எலோயை விட்டுடு!"

"என் அண்ணனை என்னடா பண்ணினீங்க?" அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். "பேச விடுடா அவனை! இல்ல இப்பவே சுடுறேன்!"

கோய் மறுபடி முயன்றான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வார்த்தை வரவில்லை. பதினொன்று ஐம்பத்து நாலு.

ஓபல் வோய்ட்டைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள். கோயின் துப்பாக்கி அவள் கையில். "சொல்லு. ட்வைன்கிட்ட நீயே சொல்லு."

வோய்ட் வலியிலும் சிரித்தான். "எதுக்குச் சொல்லணும்? அவன் எலோயைப் போட்டுட்டா எனக்கு எதிராப் பேசுற ஒரு வாய் குறைஞ்சுது. நீ சுடு பார்ப்போம். சுட்டா யார் சொல்லுவா?"

லாலோ அவளோடு ஏழு வருஷமாக இருக்கிறான். அவள் செய்த அடுத்த காரியத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தாள். வோய்ட்டின் உடைந்த மணிக்கட்டை எடுத்து வண்டிக் கதவிடுக்கில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். அவள் முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

மூன்றாவது முறை சாத்துவதற்குள் வோய்ட் ரேடியோவுக்குள் கதறினான். "நான்தான்! நான்தான் கொன்னேன்! பின்னாலருந்து அடிச்சேன்... திரும்பிப் பார்த்தான், மறுபடி அடிச்சேன்... கண்ணைத் திறந்தபடியே கிடந்தான், அதைப் பார்க்க முடியாம அவன் தொப்பியை எடுத்து மூஞ்சியில கவுத்துட்டுப் போயிட்டேன்!"

ரேடியோ வெறுமனே இரைந்தது. லாலோ கடிகாரத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு கோயின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூஞ்சியிலருந்து தொப்பியை எடுத்தது நான்," என்றான் ட்வைன் கடைசியில். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "நான்தான் முதல்ல பார்த்தேன். அதை யார்கிட்டயும் சொல்லல. கோய்கிட்ட கூடச் சொல்லல."

கத்தி கயிற்றை அறுக்கும் சத்தம் கேட்டது.

அதற்குள் கோய் எழுந்து நின்றிருந்தான். எப்படி எழுந்தானோ! தரையிலிருந்த துப்பாக்கியை எடுத்து வோய்ட்டின் நெற்றியில் அழுத்தினான். ஓபல் ஒரு அடி முன்னால் வைத்தாள். கோய் அவளைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள்.

"போடுண்ணே!" ரேடியோவில் ட்வைன் ஓலமிட்டான். "கேக்குதா? போட்டுடுண்ணே அவனை!"

"போடாத, கோய்."

ரேடியோவில் எலோயின் குரல். உடைந்த உதடுகளுக்கு நடுவே, திக்கித் திக்கி.

"பிப்ரவரியிலருந்து அந்த மூணு வீட்டுப் பொம்பளைங்களும் என்னைப் பார்த்தா தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடறாங்க. அதுல ஒருத்தி என் சொந்த அக்கா. நீ இப்ப அவனைக் கொன்னுட்டா, நான்தான் அவ புருஷனை எரிச்சேன்னு அவ சாகிற வரைக்கும் நினைச்சுக்கிட்டே இருப்பா. எனக்கு அவன் உயிரோட வேணும் கோய். கோர்ட்டுல, அவ காதால கேக்கிற மாதிரி, அவன் வாயால சொல்லணும். நீ எனக்குப் பண்ணினதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இதை மட்டும் எனக்குக் குடு."

கோயின் விரல் விசையில்தான் இருந்தது. தாடையிலிருந்து ரத்தம் சொட்டி வோய்ட்டின் வெள்ளைச் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. வோய்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஜெபம் முணுமுணுத்தான்.

"கோய்?" என்றான் எலோய் ரேடியோவில். "இருக்கியா கோய்? என்ன சொல்ற?"

கோய் துப்பாக்கியை லாலோவின் கையில் திணித்துவிட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். அழுதான். உடைந்த தாடையோடு அழுகிறவனால் வாயை மூடக்கூட முடியவில்லை.

லாலோ ரேடியோவை எடுத்தான். எப்போதும் நாக்கு நுனியில் தயாராக இருக்கும் நக்கல் ஒன்றுகூட வரவில்லை.

"சரிங்கிறான், எலோய்," என்றான்.